முதலில் கரை தொட்ட படகு தோற்பது ஏன்? சிறிய கேட்டமரன் பந்தயங்களில் ‘ரேட்டிங்’ கணக்கு

சிப்பிகாட்: பாய்மரப் படகுப் பந்தயத்தை முதன்முறையாகக் காண வருபவருக்கு, பந்தயத்தைவிட அதன் முடிவு அறிவிப்புதான் வியப்பை அளிக்கும். எல்லாருக்கும் முன்னால் சீறிவந்து எல்லைக்கோட்டைக் கடந்த படகு மூன்றாம் இடம் என அறிவிக்கப்படும். பத்து நிமிடம் கழித்து வந்த பழைய படகு முதல் பரிசைப் பெறும். கரையில் நின்று கைதட்டியவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்வார்கள். இதில் முறைகேடு எதுவும் இல்லை. படகுகள் ஒன்றுபோல் இல்லாத இடத்தில், படகோட்டிகளின் திறனை மட்டும் பிரித்தெடுத்து அளக்க உருவாக்கப்பட்ட கணக்கு அது. ‘ஹேண்டிகேப்’ அல்லது ‘ரேட்டிங்’ என்று அதை அழைக்கிறார்கள்.

இரண்டு ஒடுங்கிய உடற்பகுதிகளைக் குறுக்குச் சட்டங்களால் இணைத்து, நடுவே வலைத்துணியை இழுத்துக் கட்டி, ஒற்றைப் பாய்மரம் நாட்டிய சிறிய கேட்டமரன் படகுகளில் இந்தக் கணக்கு மிகுந்த முக்கியத்துவம் பெறுகிறது. ஒற்றை உடல் கொண்ட படகுகளில் வகைக்கு வகை உள்ள வேக வேறுபாட்டைவிட, கேட்டமரன்களில் அந்த வேறுபாடு பெரிது. ஆகவே கணக்கில் நேரும் சிறு பிழையும் முடிவைப் புரட்டிவிடும்.

தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இந்தச் சிக்கல் புதியதன்று. சிவகங்கை, இராமநாதபுரம், தூத்துக்குடி மாவட்டங்களின் மாட்டுவண்டிப் பந்தயங்களில் பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான், பூஞ்சிட்டு எனப் பிரிவுகள் உண்டு. பூஞ்சிட்டு மாட்டைப் பெரிய மாட்டோடு ஓடவிட்டு வெற்றி தோல்வி சொல்வதை எந்த ஊரும் ஏற்காது. கேரளத்தில் ஆலப்புழை நேரு கோப்பைப் படகுப் போட்டியில் சுண்டன் வள்ளங்களுக்குத் தனிப் போட்டி, வெப்பு, இருட்டுக்குத்தி வள்ளங்களுக்குத் தனிப் போட்டி. அவற்றுக்குள்ளும் ‘ஏ’, ‘பி’ எனத் தரம் பிரிக்கப்படுகிறது. ஒத்தவற்றை ஒத்தவற்றோடு மோதவிடுவதே இம்முறை. ஒவ்வொரு பிரிவிலும் போதிய எண்ணிக்கை இருக்கும்வரை இதைவிட நேர்மையான ஏற்பாடு கிடையாது.

எண்ணிக்கை இல்லாதபோது என்ன செய்வது என்பதுதான் கேள்வி. தீவுகளில் இந்தக் கேள்வி இன்னும் கூர்மையாகிறது. தெற்கு அந்தமானில், ஸ்ரீ விஜயபுரம் என 2024 செப்டம்பரில் பெயர் மாற்றப்பட்ட போர்ட் பிளேரை அடுத்துள்ள சிப்பிகாட் போன்ற இடத்தில் ஒரு சிறிய பாய்மரப் படகு மன்றம் இயங்குவதாக வைத்துக்கொள்வோம். படகுகள் கப்பலில் வர வேண்டும். உதிரிப் பாகமும் கப்பலில் வர வேண்டும். ஒரே வகைப் படகு பத்து வாங்குவது எளிதன்று. கிடைக்கும் நான்கைந்து படகுகள் நான்கைந்து வகையாகவே இருக்கும். ஆளுக்கொரு பிரிவு என்றால் எல்லாருக்கும் முதல் பரிசு கிடைக்கும், பந்தயம் இருக்காது. பிரிவே வேண்டாம் என்றால் புதிய படகு வைத்திருப்பவர் ஒவ்வொரு வாரமும் வெல்வார். மற்றவர்கள் சில வாரங்களில் வருவதை நிறுத்திக்கொள்வார்கள். கலப்பு அணிவகுப்பு நீடிக்க ரேட்டிங் ஒன்றே வழி.

பெயர் நம்முடையது, வடிவம் வேறு

‘கேட்டமரன்’ என்ற சொல் தமிழின் ‘கட்டுமர’த்திலிருந்து பிறந்தது. ஆனால் சோழமண்டலக் கரையின் கட்டுமரம் இரட்டை உடல் படகு அன்று. மரங்களை நெருக்கி வைத்துக் கயிற்றால் பிணைத்த மிதவை. 17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலக் கடலோடி வில்லியம் டேம்பியர் தம் பயணக் குறிப்புகளில் இக்கரையின் கட்டுமரங்களைப் பற்றி எழுதியிருக்கிறார். பின்னாளில் அப்பெயர், பசிபிக் தீவுகளின் இரட்டைத் தோணி மரபைத் தழுவிய படகுகளுக்கு ஒட்டிக்கொண்டது. உருவ உறவைத் தேடுவோர் சென்னைக் கடற்கரையைவிட நிகோபார்த் தீவுகளையே பார்க்க வேண்டும். அங்குள்ள ‘ஹோடி’ என்னும் தோணி, குடைந்த மரத்தின் பக்கவாட்டில் துணை மிதவை பூட்டியது. கேட்டமரனின் நெருங்கிய உறவு. நிகோபார் மக்களிடையே ஹோடிப் பந்தயம் இன்றும் பெருமைக்குரிய விளையாட்டு.

மேற்குலகில் இரட்டை உடல் படகு பந்தயத்துக்கு வந்த நாளிலேயே நேர்மை குறித்த பூசலும் வந்துவிட்டது. 1876இல் அமெரிக்க விடுதலை நூற்றாண்டு விழாவையொட்டி நியூயார்க்கில் நடந்த பந்தயத்தில், நதானியல் ஹெரஷாஃப் வடிவமைத்த சுமார் 25 அடி நீளமுள்ள ‘அமரிலிஸ்’ என்ற கேட்டமரன் மற்ற படகுகளை வெகுதூரம் பின்னுக்குத் தள்ளியது. தோற்றவர்கள் முறையிட்டனர். அமரிலிஸ் தகுதி நீக்கம் செய்யப்பட்டது. ஒப்பிடத் தெரியாததை விலக்கிவைப்பதே அன்றைய தீர்வாக இருந்தது.

நூறாண்டுக்கு மேல் கழிந்தும் அந்தப் பூசல் ஓயவில்லை. 1988இல் அமெரிக்கா கோப்பைக்காக நியூசிலாந்து, நீர்மட்டத்தில் 90 அடி நீளமுள்ள பிரம்மாண்டமான ஒற்றை உடல் படகுடன் சான் டியாகோ வந்தது. டென்னிஸ் கானர் தலைமையிலான அமெரிக்க அணி 60 அடி கேட்டமரனை இறக்கி 2-0 என வென்றது. வழக்கு நியூயார்க் நீதிமன்றங்களுக்குப் போயிற்று. 1989இல் கோப்பை நியூசிலாந்துக்கு உரியது எனத் தீர்ப்பானது. மேல்முறையீட்டில் அது மாறி, 1990இல் அமெரிக்கத் தரப்பின் வெற்றி உறுதியானது. கடலில் இரண்டு நாளில் முடிந்த போட்டி நீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் நீண்டது. பொருந்தாத இரு படகுகளை ஈடுகட்டும் கணக்கு எதுவும் அப்போட்டியின் விதிகளில் இல்லாததே காரணம்.

கணக்கு எப்படி வேலை செய்கிறது?

மழையால் தடைபட்ட கிரிக்கெட் ஆட்டத்தில் டக்வொர்த்-லூயிஸ்-ஸ்டெர்ன் முறை இலக்கை மாற்றியமைப்பதை வாசகர்கள் அறிவார்கள். தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் கேரளப் பொறியாளர் வி.ஜெயதேவன் உருவாக்கிய முறை பயன்படுத்தப்பட்டுள்ளது. சமமற்ற வாய்ப்பைக் கணிதத்தால் சமமாக்கும் முயற்சிகள் இவை. படகின் ரேட்டிங்கும் அதே குடும்பத்தைச் சேர்ந்தது; வேறுபாடு, கிரிக்கெட்டில் மழை வந்தால் மட்டுமே கணக்கு, படகில் எப்போதும் கணக்கு.

ஒவ்வொரு வகைப் படகுக்கும் ஓர் எண் தரப்படுகிறது. சிறிய கேட்டமரன்களுக்கென உருவான ‘எஸ்.சி.எச்.ஆர்.எஸ்.’ முறையில் அந்த எண் 1-ஐ ஒட்டி அமையும். வேகமான படகின் எண் சிறியது; மெதுவான படகின் எண் பெரியது. பந்தயத்தை முடிக்கப் படகு எடுத்துக்கொண்ட நேரத்தை அந்த எண்ணால் வகுத்தால் ‘திருத்திய நேரம்’ கிடைக்கும். திருத்திய நேரம் எவருக்குக் குறைவோ அவரே வெற்றியாளர்.

எடுத்துக்காட்டாக, முதல் படகின் எண் 1.00, இரண்டாவதின் எண் 1.20 எனக் கொள்வோம். முதல் படகு சரியாக 60 நிமிடத்தில் முடிக்கிறது. இரண்டாவது 71 நிமிடம் எடுத்துக்கொள்கிறது. 71 நிமிடம் என்பது 4,260 வினாடி; அதை 1.20ஆல் வகுத்தால் 3,550 வினாடி, அதாவது 59 நிமிடம் 10 வினாடி. 11 நிமிடம் பிந்தி வந்த படகு 50 வினாடி வித்தியாசத்தில் வெல்கிறது. அந்த எண் 1.20க்குப் பதில் 1.18 என்றிருந்தால் திருத்திய நேரம் 60 நிமிடத்தைத் தாண்டிவிடும், வெற்றி கைமாறும். இரண்டாம் தசம இடத்துக்காகப் படகோட்டிகள் வாதிடுவது ஏன் என்பது இதிலிருந்து விளங்கும்.

அந்த எண் எங்கிருந்து வருகிறது என்பதில் இரண்டு வழிகள் உண்டு. ஒன்று அளவுகோலின் வழி. மற்றொன்று அனுபவத்தின் வழி.

அளவுகோலின் வழியில், படகின் நீளம், எடை, பாய்களின் பரப்பு ஆகியவை அளக்கப்பட்டு ஒரு சூத்திரத்தில் இடப்படுகின்றன. நீளமும் பாய்ப் பரப்பும் வேகத்தைக் கூட்டுவன. எடை வேகத்தைக் குறைப்பது. பாயை இருமடங்காக்கினால் வேகம் இருமடங்காகிவிடாது. வேகம் கூடக்கூட நீரின் தடை அதைவிட விரைவாக, ஏறத்தாழ வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப வளர்கிறது. ஆகவே சூத்திரத்தில் பரப்புக்கு முழு மதிப்புத் தரப்படுவதில்லை. நெதர்லாந்தின் டெக்சல் தீவைச் சுற்றிச் சுமார் 100 கிலோமீட்டர் தொலைவுக்கு 1978 முதல் நடைபெற்றுவரும் கேட்டமரன் பந்தயத்தின் பெயரால் ‘டெக்சல் ரேட்டிங்’ என்ற சூத்திரம் அறியப்படுகிறது. எஸ்.சி.எச்.ஆர்.எஸ். அதே பாணியில் அமைந்தது. பாய்மரப் படகு விளையாட்டின் உலக அமைப்பான ‘வேர்ல்ட் செய்லிங்’கின் அங்கீகாரம் பெற்றது.

அனுபவ வழி, படகை அளப்பதில்லை; முடிவுகளை எண்ணுகிறது. பிரிட்டனின் ‘போர்ட்ஸ்மவுத் யார்ட்ஸ்டிக்’ இத்தகையது. மன்றங்கள் அனுப்பும் பந்தய முடிவுகளை ஆராய்ந்து, ஒவ்வொரு வகைப் படகும் உண்மையில் எவ்வளவு வேகமாக ஓடியிருக்கிறது என்பதிலிருந்து எண் பெறப்படுகிறது. எடுத்த நேரத்தை 1,000ஆல் பெருக்கிப் படகின் எண்ணால் வகுக்க வேண்டும். அமெரிக்க வடிவம் இன்னும் ஒரு படி மேலே போய், காற்றின் வலிமைக்கு ஏற்ப ஒரே படகுக்கு வெவ்வேறு எண்களை வைத்திருக்கிறது.

இரண்டுக்கும் தத்தம் குறைகள் உண்டு. சூத்திரம் புதிய படகுக்கும் முதல் நாளே எண் தந்துவிடும். ஆனால் அளக்காததை அறியாது. பாய் புதியதா, பத்தாண்டு பழையதா என்பது அதற்குத் தெரியாது. முடிவுகளை நம்பும் முறையோ, அரிய வகைப் படகுக்குத் தகவலின்றித் திணறும். மேலும் ஒரு வகைப் படகைத் திறமையாளர்கள் மட்டும் வாங்கி ஓட்டினால், அந்தத் திறமையும் படகின் வேகமாகப் பதிவாகிவிடும். பிறகு அதே படகை வாங்கும் புதியவர் எந்நாளும் தண்டனை அனுபவிப்பார். ஒரு சிறு மன்றத்துக்குச் சூத்திர முறையே ஏற்றது. ஐந்து படகுகளின் முடிவுகளை வைத்துப் புள்ளியியல் செய்ய முடியாது. அளவுநாடாவும் தராசும் எங்கும் கிடைக்கும்.

ஆளின் எடை

கேட்டமரனில் படகோட்டியும் படகின் ஒரு பாகம். காற்று பாயைத் தள்ளும்போது படகு ஒருபக்கமாக எழும். அதை அழுத்திப் பிடிக்க, இடுப்பில் கட்டிய கம்பியில் தொங்கியபடி படகுக்கு வெளியே உடலை நீட்டி நிற்பார்கள். பலத்த காற்றில் எடை கூடியவருக்கு அது வலிமை. மென்காற்றில் அதே எடை சுமை. ஹோபி-16 என்ற புகழ்பெற்ற கடற்கரை கேட்டமரன் 5.04 மீட்டர் நீளமும் 145 கிலோ எடையும் கொண்டது. அதில் ஏறும் இருவரின் எடை சேர்ந்து படகின் எடையையே எட்டிவிடும். பத்துக் கிலோ கூடுவதும் குறைவதும் இதில் சிறு சங்கதி அன்று.

இதற்குச் சில வகைப் போட்டிகள் விதிமுறையிலேயே விடை வைத்திருக்கின்றன. ஹோபி-16இல் இருவரின் மொத்த எடை குறைந்தது 129.3 கிலோ இருக்க வேண்டும். குறைந்தால் ஈடாகச் சுமை ஏற்ற வேண்டும். ‘ஃபார்முலா-18’ வகை இன்னும் நயமானது. அதில் படகின் நீளம் 5.52 மீட்டர், அகலம் 2.60 மீட்டர், குறைந்தபட்ச எடை 180 கிலோ என வரம்பு வைத்து, அதற்குள் எந்த நிறுவனமும் தன் விருப்பப்படி வடிவமைக்கலாம் என விட்டார்கள். எடை குறைந்த இணைக்கு 3.45 சதுர மீட்டர் முன்பாயும் 19 சதுர மீட்டர் ஸ்பின்னேக்கர் பாயும். எடை மிகுந்த இணைக்கு 4.15, 21 சதுர மீட்டர். ஆளுக்கேற்ற பாய் என்பதால், கரைக்கு முதலில் வந்தவரே வெற்றியாளர்; கணக்குத் தேவையில்லை.

ஒலிம்பிக்கில் பங்கேற்ற முதல் இந்தியப் பாய்மரப் படகு வீராங்கனையான சென்னையைச் சேர்ந்த நேத்ரா குமணன் ஓட்டும் ஐ.எல்.சி.ஏ.-6, கேட்டமரன் அன்று. ஆனால் அதன் ஏற்பாடும் இதே சிந்தனையில் எழுந்ததே. 2023 ஹாங்சோ ஆசிய விளையாட்டில் விஷ்ணு சரவணன் வெண்கலம் வென்ற ஐ.எல்.சி.ஏ.-7க்கும் அதற்கும் படகுடல் ஒன்றுதான். பாய் 7.06 சதுர மீட்டருக்குப் பதில் 5.76 சதுர மீட்டர்.

கலப்புப் பந்தயத்தில் இத்தகைய வசதி இல்லை. சூத்திரம் இருவர் ஓட்டும் படகுக்கு ஒரு சராசரி எடையை எடுத்துக்கொண்டு கணக்கிடுகிறது. பதினாறு வயது மாணவியர் இருவர் அந்தச் சராசரிக்கு வெகுவாகக் கீழே இருப்பார்கள். மென்காற்று நாளில் அது அவர்களுக்கு ஆதாயம். பருவமழைக் காற்றில் படகையே நிமிர்த்த முடியாத நிலை. எண் எதுவானாலும், எந்த மாதத்தில் பந்தயம் வைக்கப்படுகிறது என்பதே அவர்கள் வெல்வதையும் தோற்பதையும் பாதி முடிவு செய்துவிடும்.

நீரோட்டம் கணக்கைக் கெடுக்கும் விதம்

சிப்பிகாட்டின் நீர்ப்பரப்புக்கு ஒரு வரலாறு உண்டு. 2004 டிசம்பர் 26 நிலநடுக்கத்தில் தெற்கு அந்தமானின் நிலம் ஏறத்தாழ ஒரு மீட்டர் தாழ்ந்தது. ஆழிப்பேரலை வடிந்த பின்னும் சிப்பிகாட்டின் தாழ்வான நெல்வயல்களிலிருந்து கடல்நீர் முழுமையாக வெளியேறவில்லை. ஓதம் ஏறும்போது நிரம்பி, இறங்கும்போது வற்றும் ஆழமற்ற உப்புநீர்ப் பரப்பாகப் பல வயல்கள் மாறின. உழவர்களுக்கு அது இழப்பு. இழப்பின் மேல் விளையாட்டைப் பேசுவதில் ஒரு சங்கடம் இருக்கவே செய்கிறது. எனினும் ஓதம் ஏறி இறங்கும் ஆழமற்ற நீரில் ரேட்டிங் எப்படித் தடுமாறும் என்பதை விளக்க இவ்விடம் நல்ல எடுத்துக்காட்டு.

அசையாத நீரில் மணிக்கு 10 கிலோமீட்டர் ஓடும் படகு ஒன்று; 8 கிலோமீட்டர் ஓடும் படகு ஒன்று. இரண்டின் எண்கள் 1.00, 1.25. நான்கு கிலோமீட்டர் போய், அதே வழியில் நான்கு கிலோமீட்டர் திரும்ப வேண்டும். நீரோட்டம் இல்லையென்றால் முதல் படகு 48 நிமிடம். இரண்டாவது 60 நிமிடம், திருத்தினால் அதுவும் 48. இருவரும் சமம். எண் சரியாக இருக்கிறது.

இப்போது மணிக்கு 2 கிலோமீட்டர் நீரோட்டம் இருப்பதாகக் கொள்வோம். எதிர்த்துப் போகையில் முதல் படகின் வேகம் 8, இரண்டாவதின் வேகம் 6. முதல் படகு 30 நிமிடமும் இரண்டாவது 40 நிமிடமும் எடுக்கும். திரும்புகையில் நீரோட்டம் இருவரையும் தள்ளிவிடும். முதல் படகுக்கு 20 நிமிடம், இரண்டாவதுக்கு 24. மொத்தம் 50 நிமிடம், 64 நிமிடம். 64ஐ 1.25ஆல் வகுத்தால் 51.2 நிமிடம். போகும்போது எதிர்த்த நீரோட்டம் திரும்பும்போது உதவிவிட்டது, ஆகவே சரிக்குச் சரி என்று தோன்றும். ஆனால் மெதுவான படகு 72 வினாடியில் தோற்கிறது. அதன் ஓட்டி ஒரு பிழையும் செய்யவில்லை. மெதுவான படகு எதிர்நீரில் அதிக நேரம் சிக்கிக்கிடக்கிறது. உதவும் நீரில் குறைந்த நேரமே இருக்கிறது. எந்த ரேட்டிங் பட்டியலும் இதைச் சரிசெய்யாது. பந்தயப் பாதையை அமைப்பவர்தான் சரிசெய்ய வேண்டும்.

காற்று ஓய்வதும் இப்படியே. அதே இரு படகுகள் 60 நிமிடப் பந்தயத்தில் இருக்கின்றன. முதல் படகு கோட்டைக் கடந்த அக்கணத்தில் காற்று தணிந்து வேகம் பாதியாகிறது. இரண்டாவது படகு பாதையில் ஐந்தில் நான்கு பங்கை முடித்திருக்கும். மீதியை 15 நிமிடத்தில் முடித்திருந்தால் சமன். இப்போது 30 நிமிடம் ஆகும். 90ஐ 1.25ஆல் வகுத்தால் 72. பன்னிரண்டு நிமிடத் தோல்வி! மாறாகக் காற்று வலுத்து மீதியைப் பத்து நிமிடத்தில் கடந்தால், திருத்திய நேரம் 56. நான்கு நிமிட வெற்றி. இரண்டு முடிவிலும் அந்த ஓட்டியின் திறன் ஒன்றே. பல பந்தயங்களை நடத்திப் புள்ளிகளைக் கூட்டி, மோசமான ஒரு முடிவைக் கழித்துவிடும் வழக்கம் இதனால்தான் வந்தது.

ஆழமின்மை மற்றொரு சிக்கல். பல கேட்டமரன்களில் பக்கவாட்டில் நழுவாதிருக்க நீருக்குள் இறக்கும் பலகைகள் உண்டு. காற்றை எதிர்த்து வளைந்து ஏறிச் செல்ல அவை உதவுவதால், சூத்திரம் பலகை உள்ள படகையும் இல்லாத படகையும் வேறுபடுத்துகிறது. ஹோபி-16இல் பலகை கிடையாது. ஒருபக்கம் புடைத்த உடலமைப்பே நழுவலைத் தடுக்கும். மணற்கரையில் நேராக ஏற்றிவிடும் நோக்கத்தில் செய்யப்பட்ட படகு அது. ஆழமான கடலில் பலகைப் படகுக்கு உள்ள மேன்மைக்காக ஹோபிக்குச் சலுகை கிடைக்கிறது. முழங்கால் அளவு நீரில் பலகைப் படகு தன் பலகையை உயர்த்திக்கொண்டுதான் ஓட வேண்டும். சலுகை அப்படியே இருக்கும். சலுகைக்கான காரணம் மறைந்துவிடும். ஆழமற்ற நீரில் நெடுங்காலம் பந்தயம் நடத்தும் மன்றம் உலகப் பட்டியலை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

பறக்கும் படகுகள்

அண்மைக் காலத்தில் கணக்கர்களை அதிகம் தவிக்கவைத்தவை நீரடிச் சிறகுகள். படகு வேகமெடுத்ததும் இச்சிறகுகள் உடலை நீரிலிருந்து முழுமையாக உயர்த்திவிடும். நீரின் தடை சட்டென்று குறையும். மெல்லிய காற்றில் சாதாரணப் படகாகத் தவழ்வது, காற்று ஒரு வரம்பைத் தாண்டியதும் வேறொரு பிறவி எடுக்கிறது. ஒரே படகுக்கு இரு வேகங்கள். ஒற்றை எண்ணால் இதை எப்படிக் குறிப்பது?

ஒருவர் மட்டும் ஓட்டும் ‘ஏ-கிளாஸ்’ கேட்டமரன் 5.49 மீட்டர் நீளமும் 75 கிலோ குறைந்தபட்ச எடையும் கொண்டது. அதன் வகைச் சங்கம் கடைசியில் எண்ணை நாடவில்லை. பறப்பவை ஒரு பிரிவு, மிதப்பவை ஒரு பிரிவு என இரண்டாகப் பிரித்துவிட்டது. ஒலிம்பிக்கில் 1976 முதல் 2008 வரை இருந்த ‘டொர்னாடோ’வுக்குப் பின், 2016 ரியோவில் ஆணும் பெண்ணும் இணைந்து ஓட்டும் ‘நாக்ரா-17’ வந்தது. டோக்கியோ ஒலிம்பிக்கில் அது நீரடிச் சிறகுகளுடன் ஓடியது. எல்லாரிடமும் ஒரே படகு என்பதால் அங்கே சிக்கல் எழவில்லை. உள்ளூர்க் கலப்புப் பந்தயத்தில் பறக்கும் படகை அனுமதிப்பது, தற்போதைய நிலையில், காற்றின் கையில் பரிசைக் கொடுத்துவிடுவதே ஆகும்.

கள்ளத்தனத்துக்கும் இடமுண்டு என்பதை மறைக்க வேண்டியதில்லை. பட்டியல் எண், வகையின் அடிப்படைப் படகுக்கு உரியது. அதில் அறிவிக்காமல் பெரிய ஸ்பின்னேக்கரைப் பூட்டினால் பழைய எண்ணோடு புதிய வேகம் கிடைக்கும். இதற்காகவே பெரும் பந்தயங்களில் தராசும் அளவுநாடாவும் கரையில் காத்திருக்கின்றன; மாற்றம் செய்த படகு புதிய எண் பெற வேண்டும். சிறு மன்றங்களில் பெரும்பாலும் அறியாமையே காரணமாக இருக்கும். உடலுக்குள் நீர் ஊறிப் படகின் எடை கூடியிருப்பதை ஓட்டியே அறிந்திருக்க மாட்டார். ஆண்டுக்கு ஒருமுறை எடை போட்டால் அவருக்கு நியாயமான சலுகை கிடைக்கக்கூடும்.

தொண்டி, நம்புதாளைக் கடற்கரைகளில் மீனவர்கள் திருவிழாக்களையொட்டி நடத்தும் பாய்மரப் படகுப் போட்டிகளில் இத்தகைய எண்கள் எதுவும் இல்லை. அங்கே படகுகள் ஒரே கரையில், ஒரே தொழிலுக்காக, ஏறத்தாழ ஒரே அளவில் கட்டப்படுபவை. தொழிலே படகுகளைச் சமமாக்கிவிடுகிறது. வாங்கிவந்த படகுகளில் விளையாடும் இடங்களுக்குத்தான் சமத்துவத்தைக் கணக்கிட்டு உண்டாக்க வேண்டியிருக்கிறது.

எனவே கலப்புக் கேட்டமரன் பந்தயம் தொடங்க நினைக்கும் தீவு மன்றம் ஒன்றுக்கு, எந்தப் பட்டியலைப் பின்பற்றப்போகிறோம் என்பதைப் பருவம் தொடங்கும் முன்பே எழுதி ஒட்டிவிடுவது முதல் வேலை. நடுவில் எண்ணை மாற்றினால், மாற்றம் சரியாக இருந்தாலும், எவருக்கோ சாதகம் செய்ததாகவே தோன்றும். இரண்டாவது, எதிர்நீரில் நீண்ட தொலைவு ஓடாதபடி சிறிய சுற்றுகளாகப் பாதை அமைப்பது. மூன்றாவது, ஓதம் ஏறி முடிந்து நீர் அசையாது நிற்கும் அந்தச் சிறிது நேரத்தை ஒட்டிப் பந்தயத்தைத் தொடங்குவது. பலகைப் படகுகளுக்கு ஆழமும் அப்போதுதான் கிடைக்கும். தெற்கு அந்தமானின் கழிமுகங்களில் உப்புநீர் முதலைகள் உண்டு என்பதால், கவிழும் படகை நிமிர்த்தத் துணைப் படகு ஒன்று எப்போதும் அருகில் இருந்தாக வேண்டும். அந்தத் துணைப் படகில் இருப்பவரிடமே நேரக் குறிப்பையும் ஒப்படைக்காமல், கரையில் இருவர் தனித்தனியே கடிகாரம் பார்த்து எழுதுவது நல்லது. இரண்டாம் தசம இடம் வரை கணக்கிட்டுச் சொல்லப்படும் வெற்றி, கோட்டைக் கடந்த வினாடியைத் தவறாகக் குறித்தால் அங்கேயே பொய்த்துவிடும்.